நாலாயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசினால்

கூட்டங்களில் மைக் ஒன்றுதான். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். குழுவாக உட்கார்ந்து யோசிப்பவர்கள் தனித்தனியாக யோசிப்பவர்களைவிடக் குறைவான யோசனைகளைத் தருவதற்கு இந்தக் காத்திருப்புதான் பெரிய காரணம் என்று 1987இல் டீல், ஸ்ட்ரோபே என்ற உளவியலாளர்கள் சோதனைகளில் காட்டினார்கள். அப்புறம், நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் வேறு. எல்லாரும் ஒரே நேரத்தில், பெயர் இல்லாமல் தட்டச்சு செய்தால் இரண்டும் குறையும். 1980களில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜே நூனமேக்கர் குழுவினர் உருவாக்கிய கணினிக் கூட்ட அறைகள் இப்படித்தான் வேலை செய்தன.

நகரத் திட்டமிடலில் இந்த வழி பெரிய அளவில் சோதிக்கப்பட்டது நியூயார்க்கில். 2002 ஜூலை 20 அன்று, உலக வர்த்தக மையம் இருந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று பேச 4,000க்கும் மேற்பட்டோர் ஜாவிட்ஸ் அரங்கில் கூடினார்கள். கூட்டத்தை நடத்தியது அமெரிக்காஸ்பீக்ஸ் என்ற அமைப்பு. மேசைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், பேச்சை நெறிப்படுத்த ஒருவர், ஒரு லேப்டாப். ஆளுக்கு ஒரு கீபேட்.

முதலில் வாய்ப்பேச்சுதான். மேசையில் எழுந்த கருத்துகள் லேப்டாப் வழியாக ஒரு தனிக் குழுவுக்குப் போகும். அவர்கள் உடனுக்குடன் படித்து, திரும்பத் திரும்ப வருபவற்றைத் தொகுத்துப் பெரிய திரையில் போடுவார்கள். அதன் மேல் எல்லாரும் கீபேடில் வாக்களிப்பார்கள். முடிவு அப்போதே திரையில் தெரியும். தன் மேசைக்கு மட்டும் தோன்றியதாக நினைத்த ஒன்று அரங்கம் முழுக்க இருக்கிறது என்று அப்போதுதான் தெரியவரும். என்னைக் கேட்டால், இதில் கவனிக்க வேண்டியது கருவிகளை அல்ல, தொகுக்கும் குழுவை. எது திரைக்கு வரும், எந்தச் சொல்லில் வரும் என்பது அவர்கள் கையில். திரையில் வராததற்கு யாரும் வாக்களிக்க முடியாது.

அன்று முன்வைக்கப்பட்ட திட்டங்கள் 6. ஒவ்வொன்றிலும் இடிந்த கோபுரங்களுக்கு ஈடாகச் சுமார் 1.1 கோடி சதுர அடி அலுவலகம். நெரிசல், கற்பனை வறட்சி என்று கூட்டம் ஆறையும் ஒதுக்கியது. அதிகாரிகளும் அவற்றைக் கைவிட்டு, புதிய வடிவமைப்புகளை வரவழைத்தார்கள். வேண்டாம் என்பதில் ஒன்றுபடுவது எளிது. எது வேண்டும் என்பதில்தான் சிக்கல். அந்தக் கட்டத்தில் கீபேட் இல்லை. 2003 பிப்ரவரியில் தேர்வுக் குழு திங்க் என்ற அணியின் திட்டத்தை விரும்பியது. ஆனால் மாநில ஆளுநர் ஜார்ஜ் படாக்கி, கட்டடக் கலைஞர் டேனியல் லிபெஸ்கிண்டின் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்.