வெயிலில் ஓடும் காரும் கச்சான் காற்றும்

கச்சான் காலத்தில் மோட்டார் சைக்கிளில் கிண்ணியாப் பாலத்தைக் கடந்தவர்களுக்கு சோலர் கார்ப் பந்தயத்தின் பாதி ஏற்கெனவே தெரியும். பாலத்தில் ஏறியதும் காற்று பக்கத்திலிருந்து தள்ளும், காற்று வரும் பக்கம் உடம்பைச் சாய்த்துக்கொள்ள வேண்டும். எதிர்க்காற்று என்றால் அதே வேகத்துக்கு இன்னும் முறுக்க வேண்டும். அவுஸ்திரேலியாவின் வடக்கு முனையிலுள்ள டார்வினிலிருந்து தெற்கே அடிலெய்ட் வரை, ‘வேர்ல்ட் சோலர் சலஞ்ச்’ என்ற பந்தயத்தில் சோலர் கார் ஓட்டும் பல்கலைக்கழக மாணவர்களும் இதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். தூரம் 3000 கிலோமீற்றருக்குச் சற்று மேல். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஆறு தடவை போய் வருவது போல. முன்னணிக் கார்களுக்கு விழும் வெயில் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவற்றைப் பிரித்துப் போடுவது காற்று.

முதல் பந்தயம் 1987இல் நடந்தது. ஜெனரல் மோட்டோர்ஸின் சன்ரேசர் மணிக்கு ஏறத்தாழ 67 கிலோமீற்றர் சராசரி வேகத்தில் வென்றது. 2005இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக அணி சராசரி 102 கிலோமீற்றரைத் தாண்டியதும், பொதுச் சாலையில் இது அதிகம் என்று விதிகள் இறுகின. 2007இல் பனல் பரப்பு 6 சதுர மீற்றராகவும், 2017இல் 4 ஆகவும் குறைந்தது. 2025இல் பரப்பு மீண்டும் 6 ஆனது, ஆனால் பற்றரி 20 கிலோவிலிருந்து 11 கிலோவாகக் குறைந்தது. போட்டியும் ஒக்டோபரிலிருந்து ஓகஸ்ட்டுக்கு, அங்கே குளிர்காலத்துக்கு, மாறியது.

கணக்குக்கு அந்த 4 சதுர மீற்றர் காரையே எடுத்துக்கொள்வோம். உச்சி வெயில் சதுர மீற்றருக்குச் சுமார் 1000 வாட் தரும். நல்ல சிலிக்கன் கலங்கள் அதில் 24 வீதத்தை மின்சாரமாக்கினால் கிடைப்பது 960 வாட். ஒரு மின் அழுத்தி கேட்கும் அளவு, அவ்வளவுதான். அதுவும் நண்பகலில் மட்டும்.

இனிச் செலவு. காரும் ஓட்டுநரும் சேர்ந்து 240 கிலோ என்று வைப்போம். ரயர் தரையில் உருள்வதற்கு மணிக்கு 80 கிலோமீற்றரில் சுமார் 160 வாட் போகும். காற்றைக் கிழித்துப் போவதற்கு, உடல் வடிவம் மிக நன்றாக இருந்தாலும், சுமார் 525 வாட். மொத்தம் 685. அதே கார் 100இல் போனால் ரயர்ச் செலவு 200 வாட்டுக்குள் நிற்கும், காற்றுச் செலவோ 1030 வாட்டுக்கு ஏறிவிடும். வேகம் கால் பங்கு கூடியதற்குக் காற்றின் பங்கு இரட்டிப்பாகிறது. காற்றுக்கு எதிரான வலு வேகத்தின் மும்மடியாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறுவதுதான் காரணம்.

இதனால்தான் இந்தப் பந்தயத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுவது வீண். பாதி நேரம் 70, பாதி நேரம் 90 என்று ஓடினாலும் சராசரி 80தான். ஆனால் காற்றுக்குக் கொடுப்பது, சீராக 80இல் ஓடுவதைவிட 5 வீதம் கூட. 3000 கிலோமீற்றரில் அந்த 5 வீதம் பெரிய தொகை.

மேகம் வந்தால் என்ன செய்வது? மெதுவாக ஓடி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். மேகம் சாலையின் ஒரு பகுதியில் அசையாமல் நின்றால் அது பிழை. நிழலுக்குள் கழியும் ஒவ்வொரு நிமிடமும் வருமானம் இல்லாத நிமிடம். ஆகவே பற்றரியிலிருந்து கொஞ்சம் எடுத்து வேகமாக வெளியே வந்து, வெயிலில் சற்றே நிதானமாக ஓட வேண்டும். மேகத்தின் நீளத்தைத் தவறாகக் கணித்தவர்களுக்குப் பற்றரி வெளியே வரும் முன்பே தீரும். சோலர் காரின் முன்னாலும் பின்னாலும் அணியின் வாகனங்கள் போகும். பின்னால் வரும் வாகனத்தில் மடிக்கணினியோடு இருப்பவரின் வேலை முழுக்க இதுதான்.

எதிர்க்காற்றுக்கு வருவோம். கார் 80இல் போகிறது, எதிரே 20 கிலோமீற்றர் வேகக் காற்று. காரின் முகத்தில் மோதுவது 100. தேவையான வலு 685இலிருந்து ஏறத்தாழ 980 வாட்டுக்குத் தாவும். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 450 வாட் போதும். காற்றுத் திசை மாறினாலே செலவு இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. வெயிலில் எந்த நண்பகலும் இன்னொரு நண்பகலிலிருந்து இவ்வளவு வேறுபடுவதில்லை, மழை மேகம் மூடினால் ஒழிய.

பக்கக் காற்றுதான் மிகவும் சுவையானது. பாய் விரித்த வள்ளம் பக்கத்திலிருந்து வரும் காற்றை முன்னோக்கிய தள்ளலாக மாற்றுவதைக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சோலர் காரின் சக்கரங்களை மூடிய நெடுக்குத் தகடுகளும் அதே வேலையைச் செய்யக்கூடும். வளைவைச் சரியாக வடிவமைத்தால் பக்கக் காற்றில் காரின் செலவு குறையும். பெல்ஜியத்தின் லூவன் மாணவர்களின் இனொப்டஸ் அணி 2023இல் காரின் மேல் திருப்பக்கூடிய ஒரு துடுப்பையே பொருத்தியது. சுறாவின் முதுகுத் துடுப்பு போன்ற அது காரை நிலைப்படுத்தியது, பாய் போலவும் உதவியது. அந்த ஆண்டு வென்றதும் அவர்களே. முன்பு பல அணிகள் கட்டிய, இரு பக்கமும் சக்கரவரிசை இறங்கி நடுவில் வெளி விட்ட வடிவத்துக்கு உலகம் முழுக்க வழங்கிய பெயர் கட்டமரன். நம் கட்டுமரம்தான் அது.

பாய் கவிழ்க்கவும் செய்யும். 2019இல் முன்னணியில் ஓடிய நெதர்லாந்தின் ட்வெண்டே அணிக் காரை ஒரு வீச்சுக் காற்று சாலையை விட்டே தள்ளியது. 200 கிலோவைச் சுற்றிய எடையும் அகன்ற தட்டையான மேற்பரப்பும் கொண்ட எதற்கும் அந்த ஆபத்து உண்டு. மூன்று இழுவைப் பெட்டிகளோடு வரும் ரோட் ட்ரெயின் லொறி எதிரே கடக்கும்போது முதலில் தள்ளல், உடனே இழுவை. ஓட்டுநர் அதற்கு முன்கூட்டியே தயாராக வேண்டும்.

மற்றப் பாகங்களில் மோட்டருக்கு அதிகம் சொல்ல இல்லை. சக்கரத்துக்குள்ளேயே அமர்ந்து 97, 98 வீதத் திறனில் சுழல்கிறது. பனலில் கவனம் வேண்டும். வீட்டுக் கூரையில் சோலர் போட்டவர்கள் கண்டிருப்பார்கள்: ஒரு தென்னோலை நிழல் பனலின் ஓரத்தில் விழுந்தால் இழப்பு அந்த ஓரத்தின் அளவோடு நிற்பதில்லை. கலங்கள் சங்கிலியாக இணைந்திருப்பதால் நிழல்பட்ட கலம் முழுச் சங்கிலியின் மின்னோட்டத்தையும் நெரிக்கும். அந்த 4 சதுர மீற்றர் காரில் சுமார் 260 கலங்கள். ஓட்டுநரின் கூண்டு நிழல் மாலையில் எங்கே விழும் என்று பார்த்துத்தான் அவற்றைத் தனித்தனிச் சங்கிலிகளாகப் பிரிப்பார்கள். நிழல்பட்டதைத் தாண்டி மின்னோட்டம் போக டயோட் வைப்பார்கள்.

அதே காரின் 20 கிலோ பற்றரி, டோர்ச் லைட்டில் போடும் 18650 வகை லித்தியம் கலங்களில் 400க்குச் சற்று மேல். கொள்ளளவு ஏறத்தாழ 5 கிலோவாட் மணி. ஒரே ஒரு கலம் பலவீனமானாலும் அதன் எல்லையில் முழுப் பொதியும் நிற்க வேண்டும். 2019இல் ட்வெண்டே விலகிய பின் முன்னணிக்கு வந்த டெல்ஃப்ட் கார் கடைசி நாளில் தீப்பிடித்து எரிந்துபோனது. ஓட்டுநர் காயமின்றி வெளியேறினார். வெற்றி லூவனுக்குப் போனது.

சிறு கோளாறுகள் தலைநீட்டுவது வாட் கணக்கில்தான். சமதரை, காற்று இல்லை, வேகம் அதே 80, ஆனால் செலவு 30, 40 வாட் ஏறிக்கொண்டே போகிறது. முதலில் பார்க்க வேண்டியது ரயரில் மெல்லக் காற்று இறங்குகிறதா என்று. அடுத்தது பிரேக் கட்டை உரசுகிறதா, முன் சக்கரங்கள் இரண்டும் நேராக உள்ளனவா. சக்கரம் அற்பக் கோணத்தில் திரும்பியிருந்தாலும் ரயர் உருளாமல் தேய்ந்துகொண்டே வரும்.

பந்தயத்தை இங்கிருந்து தொடர நேரம் தோதாகவே அமைகிறது. டார்வின் நமக்கு 4 மணி நேரம் முந்தி. அவர்கள் காலை 8 மணிக்குக் கிளம்பும்போது இங்கே விடியற்காலை 4, மாலை 5க்கு நிறுத்தும்போது இங்கே பகல் 1. நிறுத்திய பின்னும் அவர்கள் வேலை முடிவதில்லை. பனலைக் கழற்றிச் சூரியனை நோக்கிச் சாய்த்துப் பிடிப்பார்கள். சூரியன் 20 பாகை உயரத்தில் நிற்கும்போது தட்டையாகக் கிடக்கும் பனலைவிடச் சாய்த்த பனலுக்கு நேர் வெயில் ஏறத்தாழ மூன்று மடங்கு.

இணைய வரைபடத்தில் கார்ப் புள்ளிகளைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழியில் கத்தரீன், டெனன்ட் கிரீக், அலிஸ் ஸ்பிரிங்ஸ், கூபர் பீடி போன்ற இடங்களில் ஒவ்வொரு காரும் கட்டாயம் 30 நிமிடம் நிற்க வேண்டும். மணிக்கு 85இல் வரும் கார் அந்த நேரத்தில் 42 கிலோமீற்றர் நகர்ந்துவிடும். முன்னால் இருப்பவர் இன்னும் நிற்கவில்லை, பின்னால் இருப்பவர் நின்று புறப்பட்டுவிட்டார் என்றால், 40 கிலோமீற்றர் முன்னணி உண்மையில் பின்னணி. இருவரும் ஒரே எண்ணிக்கையில் நின்ற பிறகே இடைவெளியை நம்பலாம்.

கடைசிக் கட்டம் போர்ட் ஒகஸ்டாவிலிருந்து அடிலெய்ட் வரை, சுமார் 300 கிலோமீற்றர். நன்றாகத் திட்டமிட்ட அணி முடிவுக் கோட்டில் பற்றரியைக் கிட்டத்தட்டக் காலி செய்தே சேரும், மிஞ்சிய மின்சாரம் ஓடாமல் விட்ட வேகம். ஆகவே அங்கே ஒரு புள்ளி திடீரென்று 60க்கு இறங்கினால் கோளாறு என்று முடிவுகட்ட வேண்டாம். ஸ்பென்சர் வளைகுடாப் பக்கம் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று வானிலைப் படத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.