வெறி முறிந்த பிறகும் காதில் மிஞ்சுவது

பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்கும் இந்திய விமானத்தின் விமானி, பணிக்கு முந்திய 12 மணி நேரத்தில் மதுவைத் தொட்டிருக்கக் கூடாது. அமெரிக்க விதி 8 மணி நேரத்தோடு நின்றுவிடுகிறது. கள்ளுத் தவறணையில் பிளா ஏந்தியபடி "விடிந்தால் வெறி முறிந்துவிடும்" என்று சொல்பவர்களுக்கு இரண்டுமே மிகையாகத் தோன்றலாம். ஈரலின் கணக்கு வேறு. மதுசாரத்தைச் சிதைக்கும் நொதியம் சிறிதளவு மதுசாரத்திலேயே தன் முழு வேகத்தை எட்டிவிடுவதால், எவ்வளவு கூடுதலாகக் குடித்தாலும், 100 மில்லிலீற்றர் குருதியில் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம்தான் குறைகிறது. இரவு 11 மணிக்கு 150 மில்லிகிராம் இருந்தால், காலை 7 மணிக்கும் 30 மிஞ்சியிருக்கும். பிரித்தானியாவில் விமானிக்கான எல்லை 20. தேசிக்காய்த் தண்ணீரோ தலைமுழுக்கோ இந்தக் கணக்கை மாற்றாது.

மூச்சிலுள்ள மதுசாரத்தை அளக்கும் ஊதுகருவி கண்டுபிடிப்பது இந்த மிச்சத்தைத்தான். நுரையீரலின் ஆழத்துக் காற்றுக் குருதியோடு மதுசாரத்தைப் பரிமாறிக்கொள்வதால், 2,100 மில்லிலீற்றர் மூச்சில் உள்ளது 1 மில்லிலீற்றர் குருதியில் உள்ளதற்குச் சமமெனக் கொள்கிறார்கள். கருவியின் பிளாற்றினத் தகட்டில் மதுசாரம் அசற்றிக் அமிலமாக மாறும்போது (விற்காத கள் புளித்துக் காடியாவதும் இதே மாற்றந்தான்) வெளிப்படும் இலத்திரன்கள் மின்னோட்டமாகி, திரையில் எண்ணாகின்றன. ஆனாலும் 2018இல் லண்டன் ஹீத்ரோவில் 189 மில்லிகிராமோடு பணிக்கு வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் துணை விமானியை முதலில் காட்டிக்கொடுத்தது கருவியல்ல, பணியாளர் பேருந்துச் சாரதியின் மூக்கு.

காதின் கதை இன்னும் நுட்பமானது. உட்காதின் அரைவட்டக் கால்வாய்களில் தலையின் சுழற்சியை உணரும் ஜெலி போன்ற மூடியும், அதைச் சூழ்ந்த திரவமும் ஒரே அடர்த்தியுடையவை. நீரிலும் இலேசான மதுசாரம் முதலில் மூடிக்குள் புகுவதால் மூடி மிதக்க முயல்கிறது. படுக்கையில் சாய்ந்தவருக்கு அறை சுழல்வது அதனால்தான். சில மணி நேரத்தில் திரவத்துக்கும் மதுசாரம் பரவ, சுழற்சி அடங்குகிறது. பின்னர் மதுசாரம் மூடியிலிருந்தே முதலில் வெளியேற, மூடி இப்போது திரவத்தைவிடக் கனமாகி, எதிர்ப்புறமாகச் சுழலும் உணர்வை எழுப்புகிறது. குருதியில் மதுசாரம் அற்றுப்போன பிறகும் இந்த இரண்டாம் கட்டம் மணிக்கணக்கில் நீளக்கூடும். ஆகவே ஊதுகருவியில் பூச்சியம் காட்டிய விமானிக்கும், அடிவானம் தெரியாத முகிலுக்குள் தலையைத் திருப்பும் கணத்தில், நேராகப் பறக்கும் விமானம் ஒருபுறம் சரிவதாக அவருடைய காது சொல்லக்கூடும்.