காரணம் சொல்லும் மூளை

1970களில் அமெரிக்காவில் ஓர் இளைஞருக்கு ஒரே கணத்தில் இரண்டு படங்களைக் காட்டினார்கள். கோழிக்காலின் படம் அவருடைய இடது மூளைக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது. பனி மூடிய வீட்டின் படம் வலது மூளைக்கு மட்டும் போனது. அப்புறம் முன்னால் பரப்பியிருந்த படங்களில் பொருத்தமானதைத் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். இடது மூளை இயக்கும் வலது கை கோழியைத் தொட்டது. வலது மூளை இயக்கும் இடது கை மண்வாரியைத் தொட்டது.

ஏன் மண்வாரி? அவர் கொஞ்சமும் தயங்கவில்லை: "கோழிக்கால் கோழியோடு சேரும்; கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே."

மண்வாரி பனியை அள்ளத்தான். ஆனால் பனியைப் பார்த்த வலது மூளையால் பேச முடியாது. கடுமையான வலிப்பு நோய்க்குச் சிகிச்சையாக, இரண்டு பாதிகளையும் இணைக்கும் சுமார் 20 கோடி நரம்பிழைகள் கொண்ட பாலத்தை அவருக்கு வெட்டியிருந்தார்கள். பேசும் இடது மூளை பனியைப் பார்க்கவே இல்லை. தன் கை மண்வாரியைத் தொட்டதை மட்டும் பார்த்தது, தனக்குத் தெரிந்த கோழியை வைத்து உடனே ஒரு காரணத்தைக் கட்டிவிட்டது.

சோதனையை நடத்திய மைக்கேல் கஸானிகாவும் ஜோசப் லெடூவும் இதில் கண்டது பொய்யை அல்ல. அந்த இளைஞர் சொன்னதை அவரே முழுதாக நம்பினார். முடிவெடுத்த இடம் ஒன்று, காரணம் சொல்லும் இடம் வேறு. சொல்லும் இடத்துக்கு 'எனக்குத் தெரியாது' என்று நிறுத்திக்கொள்ளத் தோன்றவில்லை.

சரி, மூளை பிளவுபடாத நமக்கு? 1977இல் ரிச்சர்ட் நிஸ்பெட், திமோத்தி வில்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, தரமானது எது என்று கடைக்கு வந்தவர்களிடம் கேட்டிருந்தார்கள். வலது ஓரத்தில் இருந்ததையே அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் வைத்திருந்த இடத்தைக் காரணமாக ஒருவர்கூடத் தானாகச் சொல்லவில்லை.

இதனால் நாம் சொல்லும் காரணமெல்லாம் கட்டுக்கதை என்று ஆகாது. மாதக்கணக்கில் கணக்குப் போட்டு வீடு வாங்குபவருக்குத் தன் காரணங்களில் பலவும் தெரிந்தே இருக்கும். ஆனால் ஒருவர் மனதாரச் சொல்லிவிட்டார் என்பதற்காக, அதுவே அவரை இயக்கியது என்று எடுத்துக்கொள்ள முடியாது. மனித இயல்பைப் பற்றிப் பேசும் பலரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். சொன்ன காரணத்தை வைத்து ஒருவரை நல்லவர், சுயநலக்காரர் என்று தீர்ப்பெழுதுகிறோம். அவர் எந்தச் சூழலில் நின்றார் என்று பார்ப்பதில்லை.

நம் உறுதியான கொள்கைகளாவது இதற்குத் தப்புமா? சுவீடனில் லார்ஸ் ஹாலும் பெட்டர் யோஹான்சனும் 2012இல் வெளியிட்ட ஆய்வு அதைச் சோதித்தது. அறம் சார்ந்த கூற்றுகள் அடங்கிய படிவத்தில், ஒவ்வொன்றையும் எவ்வளவு ஏற்கிறார்கள் என்பதை மக்கள் ஓர் எண்ணால் குறித்தார்கள். தாளைத் திருப்பும்போது இரண்டு கூற்றுகள் இருந்த துண்டு மட்டும் அட்டையின் பின்புறம் ஒட்டிக்கொண்டு பெயர்ந்துவிடும். அடியில் நேரெதிரான கூற்றுகள் இருக்கும். குறித்த எண் மாறாது, பொருள் தலைகீழாகிவிடும். பிறகு பதில்களை விளக்கச் சொன்னபோது பலர் மாற்றத்தைக் கவனிக்கவில்லை. பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள், குறைந்தது ஒரு கூற்றிலாவது, சில நிமிடங்களுக்கு முன் தாங்கள் குறித்ததற்கு நேரெதிரான நிலைப்பாட்டுக்கு ஆதரவாக வாதாடினார்கள்.