தலை நின்றுவிட்டதா?

புதன்கிழமை தடுப்பூசி நாள். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் அம்மாக்களின் பேச்சு உள்ளே எனக்குக் கேட்கும். "பிள்ளைக்கு எத்தனை மாசம்? எத்தனை கிலோ? இன்னும் குப்புற விழலையா?" இந்த மூன்று கேள்விகளில் ஏதோ ஒன்றில் மனம் நொந்து ஒரு அம்மாவாவது உள்ளே வருவார்.

அப்படி வந்த ஒருவர் உட்கார்வதற்குள் அழுதுவிட்டார். "நாலு மாசம் ஆச்சு டாக்டர், தலையே நிக்கல. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூணு மாசத்துலயே நின்னுடுச்சு." தாய் சேய் நல அட்டையைப் புரட்டினேன். 32 வாரத்தில் பிறந்த குழந்தை. 40 வாரம் இருக்க வேண்டிய பிள்ளை எட்டு வாரம் முன்னாடியே வந்துவிட்டது. அந்த எட்டு வாரத்தைக் கழித்தால், வளர்ச்சிக் கணக்கில் அதற்கு வயது இரண்டு மாதம்தான். இரண்டு மாதக் குழந்தை செய்ய வேண்டியதை அது அழகாகச் செய்தது. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது, சிவப்புக் கிலுகிலுப்பையைக் கண்ணால் தொடர்ந்தது, குப்புறப் போட்டதும் தலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தது. பிறந்து மூன்று வாரம் ஒரு மருத்துவமனையில் இருந்திருக்கிறது, ஆனால் இந்தக் கணக்கை அவர்களுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. எனக்கு இது இன்றும் வருத்தம்தான்.

குறைமாதக் குழந்தைகளுக்கு இரண்டு வயது வரை இப்படிக் கழித்துத்தான் எடையையும் வளர்ச்சியையும் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது; பிறந்த தேதியிலிருந்து 6, 10, 14 வாரங்களில் போட்டுவிட வேண்டும். இன்னொன்று, 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு, 30 நாளுக்குள் கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். பார்வையே பறிபோகும் ஆபத்து இதில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது நீங்களே கேட்டுவிடுங்கள்.

எடையைப் பற்றிக் கொஞ்சம். பிறந்த முதல் சில நாட்களில் குழந்தையின் எடை பத்து சதவீதம் வரை குறையலாம். இரண்டு வாரத்துக்குள் அது திரும்பிவிடும். அப்புறம் முதல் மூன்று மாதம் நாளுக்கு 25-30 கிராம் கூடும். ஐந்து மாத வாக்கில் பிறந்த எடை இரட்டிப்பாகும். நாலாம் நாளே "பால் பத்தல" என்று புட்டியை எடுக்கும் வீடுகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஒரு வாரம் தாண்டிய குழந்தை நாளுக்கு ஆறு தடவைக்கு மேல் ஒன்றுக்குப் போய், எடையும் கூடிவந்தால் பால் போதுகிறது.

ஆனால் எடை நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைப்பதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. சளிக்காக ஐந்து மாத ஆண் குழந்தையைக் கொண்டு வந்தார்கள். ஏழரைக் கிலோ, கொழுகொழுவென்று இருந்தான். முகத்துக்கு நேரே குனிந்து பேசினேன். அவன் பார்வை என்னிடம் வரவில்லை. கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி இறுகியிருந்தது. கைகளைப் பிடித்து மெல்லத் தூக்கியதும் தலை பின்னால் தொங்கியது. பிறந்தவுடன் அழுதானா என்று கேட்டேன். இல்லையாம். "மூணாம் மாசமே எனக்குத் தோணுச்சு டாக்டர். ஆம்பளப் பிள்ளைக்கு எல்லாம் லேட்டாத்தான் வரும்னு சொல்லிட்டாங்க" என்றார் அந்த அம்மா. அவர் கண்டது சரி. அவர் பேச்சை யாரும் கேட்காததால், அப்போதே தொடங்கியிருக்க வேண்டிய வளர்ச்சிப் பயிற்சியில் இரண்டு மாதம் போய்விட்டது. மூளை வேகமாக வளரும் மாதங்கள் அவை.

மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, பெரிய சத்தத்துக்கும் திடுக்கிடவில்லை, விரல்கள் எப்போதும் மூடியே இருக்கின்றன என்றால் உடனே வாருங்கள். நாலு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை என்றாலும், ஒரு பக்கக் கை காலை மட்டுமே அசைக்கிறது என்றாலும் அப்படியே. கண்ணின் நடுவே வெள்ளையாகத் தெரிந்தால் அன்றைக்கே வர வேண்டும். காது கேட்கும் பரிசோதனை ஒரு மாதத்துக்குள் முடிந்துவிட வேண்டும். குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். இப்படி வளர்ச்சி தாமதமாகும், குறையுள்ள குழந்தைகளுக்கான அரசின் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களில் பயிற்சியும் சிகிச்சையும் இலவசம். ஐந்து மாதத்தில் வந்த அந்தப் பையனும் இப்போது அங்கேதான் போய்வருகிறான்.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பச்சைக் குழந்தைக்கு 20-30 சென்டிமீட்டர் தூரம்தான் தெளிவாகத் தெரியும். மடியில் கிடக்கும் குழந்தைக்கும் அம்மா முகத்துக்கும் இடையே உள்ள தூரம் அதுவேதான். பால் கொடுக்கும்போது செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு அதன் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். தூங்கும்போது மல்லாக்க, விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து கொஞ்ச நேரம் குப்புற. பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குச் சொல்லும் செங்கீரை, கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவதுதானே? கழுத்தும் தோளும் அப்படித்தான் பலப்படும்.

அடுத்த முறை ஊசிக்கு வரும்போது அட்டையோடு, குழந்தை சிரிக்கும்போதும் விளையாடும்போதும் வீட்டில் எடுத்த ஒரு நிமிட வீடியோவையும் கொண்டு வாருங்கள். ஊசி போட்டு அழுதுகொண்டிருக்கும் குழந்தையிடம் அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியாது.