குழலின் அடியில் ஒரு கிரீடம்: பழைய பிரெஞ்சு வேட்டைத் துப்பாக்கிகளின் முத்திரைகள்

நூறாண்டுப் பழமையுள்ள ஒரு பிரெஞ்சு இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பவரின் கண், இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டையில் அழகாக வெட்டப்பட்ட பெயரைத்தான் முதலில் தேடும். அதைச் செய்தவரின் பெயர் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. பல துப்பாக்கிகளில் அது விற்ற கடைக்காரரின் பெயர்தான். நம்பத்தக்க சாட்சியம், குழல்களைக் கழற்றிக் கவிழ்த்தால் மட்டுமே தெரியும் சின்னஞ்சிறு முத்திரைகளில் இருக்கிறது.

பிரான்சின் துப்பாக்கித் தொழிலுக்குத் தாயகமான செந்த் எத்தியேன் நகரில் குழல் அடிப்பவர், விசைப்பொறி செய்பவர், கட்டை செதுக்குபவர், சித்திரம் வெட்டுபவர் எனப் பலர் தனித்தனிப் பட்டறைகளில் வேலை செய்தனர். ஆகவே ஒரே துப்பாக்கியில் பலருடைய குறிகள் இருப்பது இயல்பே. பாரிசில் லெயோபோல் பெர்னார் அடித்த குழல்கள் பெரும்புகழ் பெற்றவை. அவற்றை வாங்கிப் பொருத்திய வேறு துப்பாக்கிக்காரர்களின் படைப்புகளிலும் பெர்னாரின் பெயரைக் காணலாம்.

இவற்றினும் முக்கியமானது சோதனை முத்திரை. வழக்கமான அளவைவிடக் கூடுதலாக மருந்தும் ஈயமும் இட்டுக் குழலை வெடித்துப் பார்ப்பார்கள். இரும்புப் பட்டிகளையும் எஃகுப் பட்டிகளையும் முறுக்கி, உருளையின் மேல் சுற்றி, நெருப்பில் அடித்து ஒட்டிய டமாஸ்கஸ் குழலில் ஒட்டு எங்காவது பிடிக்காமல் இருந்தால், அந்த இடம் புடைக்கும் அல்லது பிளக்கும். தாங்கிய குழல் மட்டுமே முத்திரை பெறும். குறுக்காக வைத்த இரண்டு ஓலைக்கிளைகளும் மேலே ஒரு கிரீடமும் செந்த் எத்தியேன் சோதனைச் சாலையின் அடையாளம். ஈ, எல், ஜி என்ற மூன்று எழுத்துகள் நீள்வட்டத்துக்குள் இருந்தால், பட்டையில் பிரெஞ்சுக் கடையின் பெயரே இருந்தாலும், குழல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சோதிக்கப்பட்டது என்று அறியலாம்.

1810இல் நெப்போலியனின் ஆணை இச்சோதனையைக் கட்டாயமாக்கியது. 1885ஆம் ஆண்டின் சட்டம் ஆயுதத் தொழிலுக்குச் சுதந்திரம் அளித்தபோது சோதனை விருப்பத்துக்கு உரியதாயிற்று. ஆதலால் அதற்குப் பிந்திய துப்பாக்கியில் முத்திரை இல்லாததைக் கண்டு போலி என்று ஒதுக்குவது அவசரத் தீர்ப்பு.

பி, டி (PT) என்ற எழுத்துகளின் மேல் கிரீடம் இருந்தால், 'டி' வகைப் புகையில்லா மருந்தால் சோதித்தது என்று பொருள். பிரான்சில் வெடிமருந்து அரசின் தனியுரிமையாக இருந்ததால்தான் ஒற்றை எழுத்தே மருந்தின் பெயராகப் போதுமானதாயிற்று. பிரெஞ்சு வேதியியலாளர் போல் வியேய் 1884இல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடிக்கும்வரை குழல்கள் பெரும்பாலும் கருமருந்துக்கென்றே செய்யப்பட்டவை. கருமருந்தின் அழுத்தம் சட்டென உயர்ந்து விரைவில் தணிகிறது. புகையில்லா மருந்தின் அழுத்தமோ உச்சத்தைக் கடந்த பின்னும், குழலின் சுவர் மெலியத் தொடங்கும் பகுதிவரை ஓரளவு நீடிக்கிறது. கருமருந்துக்கு மட்டும் தேறிய குழலை இன்றைய தோட்டாவுக்கு நம்ப முடியாததற்கு இது ஒரு காரணம்.

எண்களைப் படிப்பதில் இன்னும் கூர்மை வேண்டும். 16 போர் (bore) என்ற குழல் அளவு, ஒரு பவுண்டு ஈயத்தை 16 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டைக்கு அமையும் விட்டம், அதாவது ஏறக்குறைய 16.8 மி.மீ. பிரெஞ்சுக் குழல்களில் உள்விட்டத்தையே மில்லிமீட்டரில் பொறிக்கும் வழக்கம் உண்டு. முத்திரையில் 16.8 என்றிருக்க, இன்று அளந்தால் 17.1 வருமானால், துருக்குழிகளை நீக்க யாரோ உள்ளே தேய்த்திருக்கிறார் என்று கொள்ளலாம். சுவர் எல்லாப் பக்கமும் 0.15 மி.மீ. மெலிந்துவிட்டது. அன்று தேறிய குழலும் இன்று கையில் இருக்கும் குழலும் ஒன்றல்ல.

குழலின் அடியில் தோட்டா அமரும் அறையின் நீளமான 65 என்ற எண்ணும் அப்படியே. தோட்டாவின் நீளம் வெடித்து விரிந்த பின் அளக்கப்படுவது. ஆகவே 70 மி.மீ. தோட்டாவும், வாய் மடிந்திருக்கும்போது, 65 மி.மீ. அறைக்குள் எளிதாக நுழைந்துவிடும். வெடிக்கும் கணத்தில் அதன் வாய் விரிய இடமின்றி, அறைக்கு முன்னால் குறுகும் பகுதியில் நெருக்கிக்கொள்ள, அழுத்தம் ஏறுகிறது.