சம்பளத்தில் வெட்டிய ஈ.பி.எஃப். கணக்கில் இல்லையென்றால்

கிளிநொச்சியில் இரவுக் காவல் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன மாதம் ஒரு பொலித்தீன் பையோடு வீட்டுக்கு வந்தார். பைக்குள் இரண்டு வருடத்துச் சம்பளச் சிட்டைகள். பில் அடிக்கும் மெஷினில் எடுத்த சின்னச் சிட்டைகள், பாதி எழுத்து மங்கிவிட்டது. "அண்ணை, எல்லா மாசமும் வெட்டியிருக்கினம். கணக்கு எடுத்துப் பார்த்தா அஞ்சு மாசக் காசைக் காணேல்லை" என்றார்.

நான் முன்பு ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் பகுதியில் இருந்தவன். ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஈ.பி.எஃப்.க்கு, மாதாமாதம் அனுப்பும் சீ படிவத்தைக் கையால் நிரப்பிய காலம் அது. அதனால் இந்தக் காசு எந்தெந்த இடத்தில் தட்டுப்படும் என்பது ஓரளவு தெரியும். சிட்டையில் '8% கழிவு' என்று இருந்தால், உங்கள் சம்பளத்திலிருந்து அதை எடுத்துவிட்டார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். அது நிதிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைக் கணக்குக் கூற்றில்தான் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பலர் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து, 55 வயதில் காசு எடுக்கப் போகும்போதுதான் திகைக்கிறார்கள்.

முதலில் வரவேண்டிய தொகை எவ்வளவு என்று பார்ப்போம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தொழிலாளியிடமிருந்து 8%, முதலாளியிடமிருந்து 12%, மொத்தம் 20%. அதைவிட 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு, அதாவது ஈ.ரி.எஃப்.க்கு, முதலாளி தன் கையிலிருந்து 3% கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் வெட்டக்கூடாது. சம்பளம் 30,000 ரூபாய் என்று வையுங்கள். உங்களிடமிருந்து 2,400, முதலாளியிடமிருந்து 3,600, சேர்த்து மாதம் 6,000 ரூபாய் உங்கள் ஈ.பி.எஃப். கணக்கில் விழ வேண்டும். ஈ.ரி.எஃப்.க்கு 900 ரூபாய். தம்பிக்குக் காணாமல் போன ஐந்து மாதத்தை இந்தக் கணக்கில் பெருக்கிப் பாருங்கள்: ஈ.பி.எஃப். மட்டும் 30,000. முழுதாக ஒரு மாதச் சம்பளம்.

"நான் நிரந்தரம் இல்லையே, தற்காலிகம்தானே" என்று சிலர் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்வார்கள். அது தேவையில்லை. தற்காலிகம், அமைய வேலை, துண்டுக் கூலி, பயிலுநர் எல்லாமே இதில் அடங்கும். முதல் நாளிலிருந்தே உரித்து உண்டு. ஒரே ஒரு ஆளை வைத்து நடத்தும் கடையும் கட்டத்தான் வேண்டும். வீட்டு வேலைக்கு வைத்திருப்பவர்கள் போன்ற சில விலக்குகள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

சரி, காசு எங்கே போனது? உடனே முதலாளியோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு மாதத்துக்கான பணத்தைக் கட்ட அடுத்த மாதத்தின் கடைசி நாள் வரை முதலாளிக்கு நேரம் இருக்கிறது. தை மாதப் பணம் மாசி முடியும்வரை வராமல் இருக்கலாம், பிறகு அதைப் பதியவும் நாள் எடுக்கும். ஆகவே கடைசி இரண்டு மூன்று மாதம் கூற்றில் இல்லையென்றால் பொறுத்துப் பாருங்கள். நடுவில் ஓட்டை விழுந்திருந்தால்தான் தேட வேண்டும்.

நடு ஓட்டைக்கு நான் கண்ட முதல் காரணம் களவு அல்ல, பெயரும் இலக்கமும்தான். வன்னியில் இது ஒரு தனிப் பெருங்கதை. 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்கள் பிறகு முகாமிலிருந்து வந்து அடையாள அட்டை புதிதாக எடுத்தார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, பழைய அட்டையில் இன்னொரு எழுத்து, புதியதில் வேறொன்று. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது 'இந்திரன்' எத்தனை விதமாக வரும் என்று யோசித்துப் பாருங்கள். தகப்பனின் முதலெழுத்து முன்னால் வந்ததா, முழுப் பெயராகப் பின்னால் வந்ததா என்பது இன்னொன்று. அதற்கு மேல், 2016இலிருந்து ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டை போய், பன்னிரண்டு இலக்க அட்டை வந்தது. கொம்பனி பாதி மாதத்தைப் பழைய இலக்கத்திலும் மீதியைப் புதியதிலும் அனுப்பியிருந்தால் பணம் நிதியில் இருக்கும், உங்கள் பெயரில்தான் இருக்காது. அங்கத்துவ இலக்கத்தில் ஒரு இலக்கம் மாறினாலும் இதே கதைதான். பக்கத்து வரிசைக்காரனின் கணக்கில் உங்கள் காசு விழுந்திருக்கும்.

இதைப் பார்க்கக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. நிதியைப் பராமரிப்பது மத்திய வங்கி, அதன் பிராந்திய அலுவலகம் ஒன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. அடையாள அட்டை, தொழில்தருநர் இலக்கம் (முதலாளியின் இலக்கம்), உங்கள் அங்கத்துவ இலக்கம் மூன்றோடும் போனால் கணக்குக் கூற்றைக் கேட்கலாம். இலக்கங்கள் சம்பளச் சிட்டையிலேயே இருக்கும். இல்லாவிட்டால் கொம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். கூற்றை வாங்கியதும் வீட்டில் ஒரு கொப்பித் தாளில் மாதங்களை வரிசையாக எழுதி, ஒரு பக்கம் சிட்டையில் வெட்டியது, மறுபக்கம் கணக்கில் வந்தது என்று நிரப்புங்கள். நாங்கள் தம்பிக்கு அப்படிச் செய்தபோதுதான் ஒன்று தெரிந்தது. காணாமல் போன ஐந்தில் இரண்டு மாதம் அவர் புதிய அடையாள அட்டையைக் கொம்பனியிடம் கொடுத்த அதே காலம். மீதி மூன்று மாதங்கள் அந்தத் தாளில் வேறொரு இடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாகக் கிடந்தன.

பெயர், இலக்கப் பிழையைத் திருத்தக் கொம்பனியின் கடிதம் வேண்டும். 'இந்த இரண்டு இலக்கமும் ஒரே ஆள்தான்' என்று அவர்கள் உறுதிப்படுத்த வேண்டும். பெயர் வித்தியாசத்துக்குச் சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள், பல இடத்தில் கைகொடுக்கும். கொம்பனி மூடிப்போய்விட்டது என்றாலும் பயப்பட வேண்டாம். ஏற்கெனவே கட்டிய காசு முதலாளியோடு சேர்ந்து மறைவதில்லை, அது நிதியில் வட்டியோடு கிடக்கும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையிலும் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையிலும் வேலை செய்த பெரியவர்களின் பிள்ளைகள் இதை ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது. அங்கத்தவர் இறந்திருந்தால் அவர் பெயர் குறித்தவரோ சட்டப்படியான உரித்தாளரோ கோரலாம்.

அப்புறம், உண்மையிலேயே கட்டாத மாதங்கள். வெட்டிய காசைக் கட்டாமல் வைத்திருப்பது மறதி என்று ஒரு காவல் கொம்பனி எங்களிடம் சொன்னது. மூன்று மாதம் தொடர்ந்து மறப்பவர்களை நான் நம்புவதில்லை. இந்த விடயத்தில் போக வேண்டிய இடம் மத்திய வங்கி இல்லை, தொழில் திணைக்களம். வவுனியாவில் மாவட்டத் தொழில் அலுவலகம் இருக்கிறது. உங்கள் இடத்துக்கு எந்த அலுவலகம் பொறுப்பு என்று பிரதேச செயலகத்தில் கேட்டாலே சொல்லுவார்கள். கொம்பனியின் தலைமையகம் கொழும்பில் என்றால் கோப்பு அந்தப் பக்கம் அனுப்பப்படலாம். ஆகவே முறைப்பாட்டைக் கொடுக்கும்போதே அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். இலக்கம் இல்லாமல் பிறகு போன் எடுத்தால் ஒருவரும் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது.

முறைப்பாட்டுக் கடிதம் பெரிதாக இருக்கத் தேவையில்லை. கொம்பனியின் பெயர், முகவரி, வேலையில் சேர்ந்த நாள், சம்பளம், தொழில்தருநர் இலக்கம், அங்கத்துவ இலக்கம், எந்த எந்த மாதம் வரவில்லை என்ற விபரம். சிட்டைகளின் போட்டோக்கொப்பியை இணைத்து, மூலத்தை உங்களிடமே வையுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை. பதில் சிங்களத்தில் வந்தால் தமிழில் தரச் சொல்லிக் கேட்கலாம், அதுவும் உரிமைதான். கையில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள், தபாலில் போட்டால் பதிவுத் தபால்.

தொழில் அதிகாரி கொம்பனியின் சம்பளப் பதிவேட்டையும் வரவு இடாப்பையும் பார்ப்பார், இரு தரப்பையும் விசாரணைக்குக் கூப்பிடுவார். பிந்திய பணத்துக்கு மிகைவரி ஏறும்: பத்து நாளுக்குள் என்றால் 5%, ஒரு மாதம் வரை 15%, மூன்று மாதம் வரை 20%, ஆறு மாதம் வரை 30%, ஒரு வருடம் வரை 40%, அதற்கு மேல் 50%. அப்படியும் கட்டாவிட்டால் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் தண்டப்பணம் அறவிடுவது போல அறவிடலாம். முன்பு வெட்ட மறந்த 8%ஐப் பிறகு மொத்தமாக உங்கள் சம்பளத்தில் பிடிப்பதற்கும் முதலாளிக்கு உரிமை இல்லை. அந்தப் பங்கையும் அவர்தான் ஏற்க வேண்டும்.

இன்னொரு விதமான காணாமல் போதல் இருக்கிறது, கூற்றைப் பார்த்தாலும் கண்ணில் படாது. ஈ.பி.எஃப். மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு, அதாவது ஓ.ரி.க்கு, கிடையாது. காவல் வேலையில் ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம் என்பதால் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து எழுதி, மீதியை ஓ.ரி. என்றும் 'ஊக்குவிப்பு' என்றும் காட்டும் கெட்டித்தனம் நடக்கிறது. கையில் வரும் தொகை நன்றாகத்தான் இருக்கும், 20% மட்டும் சின்னத் தொகையில் கணக்காகும். 2016ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டத்துக்கு 2025இல் வந்த திருத்தப்படி மாதம் 27,000 ரூபாய், 2026 தை முதல் 30,000 ரூபாய் என்பது கீழ் எல்லை. சிட்டையில் அடிப்படைச் சம்பளம் அதற்கும் கீழே இருந்தால், முறைப்பாட்டில் ஈ.பி.எஃப். பற்றி மட்டும் எழுதாமல் இதையும் ஒரு வரி சேருங்கள்.

ஈ.ரி.எஃப். பற்றியும் ஒரு சொல். வேலையை விட்டால் ஓய்வு வயது வரை காத்திராமல் அதை எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான். ஈ.பி.எஃப். ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில்.

தம்பியின் இரண்டு மாதத்துக்குக் கொம்பனி உறுதிக் கடிதம் கொடுத்துவிட்டது. மற்ற மூன்றுக்கும் முறைப்பாடு போயிருக்கிறது, விசாரணைக்கு இன்னும் கூப்பிடவில்லை. போன கிழமை சிட்டைகள் மங்குகின்றன என்று அவற்றை லமினேற் செய்யப் புறப்பட்டவரைப் படலையடியில் மறித்தேன். அந்தத் தாள் சூடு பட்டால் முழுதாகக் கறுத்துப்போகும். கொப்பி எடுத்தால் போதும், ஒவ்வொன்றிலும் இரண்டு.