குளறிக் குளறிப் பாட்டைப் பிடிக்கும் குஞ்சு

ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட ஜீப்ரா ஃபின்ச் என்னும் சிறு பறவையை நம் ஊர்ப் பறவைக் கடைகளிலும் கூண்டுகளில் காணலாம். இந்த இனத்தில் ஆண் மட்டுமே பாடும். அந்தப் பாட்டு பிறவியிலேயே வந்துவிடுவதன்று. பெரும்பாலும் தந்தை பாடுவதைக் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்ளும் குஞ்சு, பிறகு ஆயிரக்கணக்கான முறை பாடிப் பாடித்தான் அதைப் பிடிக்கிறது. முதலில் கேட்பது வெறும் மழலை. ஒரே ஒலி ஒருமுறை நீண்டும் ஒருமுறை கிறீச்சிட்டும் ஒருமுறை பாதியிலேயே அறுந்தும் வரும். ஏறக்குறைய 90 நாள் வயதில்தான் பாட்டு நிலைபெறுகிறது.

பயன் தந்த செயல் தங்கும், தராதது உதிரும் என்பதை, பூனைகளைப் புதிர்ப்பெட்டிகளில் அடைத்துச் சோதித்த எட்வர்டு தார்ன்டைக் 1898-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. முயன்று தவறிக் கற்றல் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். ஆனால் தங்குவதற்கும் உதிர்வதற்கும் முதலில் பலவகை முயற்சிகள் இருந்தாக வேண்டுமே, அவை எங்கிருந்து வருகின்றன? பழக்கம் போதாத தொண்டையின் பிசிறு என்றுதான் எவருக்கும் தோன்றும்.

அது அப்படியன்று என்பதை 2005-இல் மைக்கேல் ஃபீயின் ஆய்வுக்குழு காட்டியது. பறவை மூளையில் எல்மேன் என்றொரு நரம்பணுத் தொகுதி உண்டு. அதை மருந்தால் சற்று நேரம் செயலிழக்கச் செய்தபோது, குஞ்சின் தடுமாற்றம் உடனே அடங்கி, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே மாதிரியாகவே பாடியது. அதாவது, இளம் பறவையின் குளறலில் பெரும்பகுதியை மூளையே தனியொரு உறுப்பை வைத்து உண்டாக்குகிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்கவைத்த உண்மை இதுவே. கற்கும் பருவத்தில் எல்மேன் அடியோடு அழிந்துபோன குஞ்சு, தந்தையின் பாட்டைச் சரியாக எட்டுவதே இல்லை.

முயற்சி நன்றாக அமைந்ததா என்பதை மூளை எப்படி அறிகிறது? 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், பறவை பாடும்போது குறிப்பிட்ட ஓர் அசையின்மீது மட்டும் சில வேளைகளில் வேற்றொலியைக் கலந்து, அது தவறாகப் பாடிவிட்டதுபோல் அதன் காதுக்கே கேட்கும்படி செய்தார்கள். அந்தக் கணத்தை அடுத்து டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை நரம்பணுக்களின் துடிப்பு குறைந்தது. கெடும் என்று எதிர்பார்த்த அசை கெடாமல் வந்தபோது துடிப்பு கூடியது. வெளியிலிருந்து யாரும் தீனி கொடுக்கவில்லை. எதிர்பார்த்ததற்கும் கேட்டதற்கும் உள்ள வேறுபாடே அங்கே பரிசாகவும் தண்டனையாகவும் அமைந்து, அடுத்த முறை எப்படிப் பாட வேண்டும் என்பதைத் திருத்துகிறது.

பாட்டு நிலைபெற்ற பின்னும் எல்மேன் முற்றாக ஓய்வதில்லை. தனியாக இருக்கும் வளர்ந்த ஆண் பாடும்போது சுருதி ஒவ்வொரு முறையும் இம்மியளவு மாறிக்கொண்டே இருக்கும். எதிரே பெட்டை வந்து அமர்ந்துவிட்டால் அந்த மாற்றம் சட்டென்று குறைந்து, தான் கற்றதிலேயே மிகத் துல்லியமான பாட்டை அது பாடும். பெட்டை பறந்துபோனபின் தனிமையில் பாடும்போது பழைய அலைவு மறுபடியும் தலைகாட்டும்.